இடர் களையுந் தொண்டும் பயிற்சியும்

வெள்ளம், தீ, நிலநடுக்கம், கடற்கோள், கூட்டநெரிசல் முதலிய இடர்கள் நேர்ந்துழி ஊரார் ஒருவர்க்கொருவர் ஓடிவந்து உதவுதல் உலகியற்கை. அங்ஙனம் உதவுதற்கு உரியாரை முன்னரே ஊர்தோறும் தேர்ந்து, முறையாகப் பயிற்றி வைத்தல் வேண்டும் என்னும் கொள்கை இக்காலத்துப் பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தின்வழி அமைந்த தேசிய ஆணையம் 2016-ஆம் ஆண்டில் 'ஆப்த மித்ரா' என்னும் பெயரால், அஃதாவது ஆபத்துக்கால நண்பர் என்னும் பொருள்பட, 30 மாவட்டங்களில் 6,000 தொண்டரைப் பயிற்றும் பணியைத் தொடங்கிப் பின்னர் அதனை 350 மாவட்டங்களில் ஓரிலட்சம் பேர் என விரித்தது. பயிற்சிக்காலம் பன்னிரண்டு நாள். உயிர் காக்கும் முதலுதவி, நீரினின்று மீட்டல், தீயணைத்தல், இடிபாடுகளுள் தேடுதல், கூட்டத்தை ஒழுங்குபடுத்தல் முதலியன அதன்கண் கற்பிக்கப்படும்.

இதுபற்றிச் சைவ அன்பர் சிலர் எம்பால் ஓர் ஐயத்தை வெளியிட்டனர். இரக்கம் என்பது பிறிதோர் உயிர் வருந்தக் கண்ட வழி உள்ளத்தே தானாக ஊற்றெடுப்பது. அதனைப் பாடங் கேட்டும், எண்ணிக்கை பிடித்தும், சான்றிதழ் பெற்றும் செய்வதாயின் அஃது அன்பின் செயலாகுமோ, கூலியில்லாத் தொழிலாகுமோ என்பது அவர் வினா. பெற்ற பிள்ளை கிணற்றில் வீழக் கண்ட தாய் எப்பயிற்சி பெற்றுக் குதிக்கின்றாள் என்றும் அவர் கேட்டனர். வினா எளிதிற் புறந்தள்ளத் தக்கதன்று. அன்பு, அறிவு, செயல் என்னும் மூன்றற்கும் உள்ள இயைபைப் பற்றிய வினாவாகலின், சித்தாந்த நூலுணர்ந்தார் ஆராய்தற்குரியதே. அவ்வன்பர் கூறிய கிணற்றினின்றே எமக்கும் விடை தொடங்குகின்றது. எனினும் அதற்கு முன் தொலைவிலுள்ள ஒரு நகரத்தின் செய்தியைக் கூறுவாம்.

1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாட்காலை மெக்சிக்கோ நகரத்தை நிலநடுக்கம் தாக்கிற்று. நடுக்கம் பிறந்த இடம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பசிபிக் கடலோரம். ஆயினும் அந்நகரின் பெரும்பகுதி பண்டை ஏரியின் படுகைமேல் எழுந்ததாகலின், அடியிலுள்ள நெகிழ்ந்த களிமண் அந்நடுக்கத்தைத் தணியாது பெருக்கிவிட்டது. மாடிக் கட்டடங்கள் தட்டுத்தட்டாக ஒன்றன்மேலொன்று அமிழ்ந்தன, பல்லாயிரவர் மாண்டனர். அரசினர் உதவி வருமுன்னரே நகர மக்கள் வெறுங்கையாலும் வாளியாலும் இடிபாடுகளை அகழத் தொடங்கினர். மெலிந்த உடலினரான இளைஞர் வளை போன்ற துளைகளுட் புகுந்து உயிருடன் இருந்தாரை இழுத்து வந்தனர். அவருட் சிலர் பின்னர் 'தோபோஸ்', அஃதாவது அகழெலிகள், என்னும் பெயரால் மீட்புக்குழுவாக அமைந்தனர். அவ்விடரிற் பயிற்சியில்லாத் தொண்டர் 800-க்கு மேற்பட்டோரை மீட்டனர் என்றும், அம்முயற்சியில் தொண்டருள் 100-க்கு மேற்பட்டோர் தாமே உயிரிழந்தனர் என்றும் பின்னெழுந்த பயிற்சி நூல்கள் குறிக்கின்றன.

இவ்விரண்டு எண்களையும் ஒருங்கு வைத்து நோக்குக. முதலாவது எண் அன்பின் பெருமை. இரண்டாவது எண்ணை யாதென்பது? அதனையும் அன்பின் பெருமை என்றே கூறி வணங்கிவிடலாம். உலகம் பெரும்பாலும் அங்ஙனமே செய்கின்றது. ஆயின் அந்நூற்றுவர்க்கும் மனைவி மக்கள் இருந்தனர். சரிந்த சுவரின் எப்பக்கத்தே நிற்கலாகாது, நடுக்கம் மீண்டும் வருங்கால் எவ்வழி வெளியேறுதல் என்பன அவர்க்கு முன்னரே தெரிந்திருப்பின் அவருட் பலர் பிழைத்திருப்பர். மறுநாள் மாலையே கடிய நடுக்கம் ஒன்று மீண்டும் வந்தது. அங்குச் சென்று கண்ட லாஸ் ஏஞ்சலீஸ் நகரத் தீயணைப்புத் துறையினர், பேரிடரில் மக்கள் தாமே மீட்பில் இறங்குதலைத் தடுத்தல் இயலாது, ஆகலின் அவரைப் பயிற்றுதலே தக்கது எனத் துணிந்து, 1985-ஆம் ஆண்டிலேயே ஊர்மக்கட் குழுக்களுக்குப் பயிற்சி வகுத்தனர். இருபது மணி நேர அளவினதாகிய அப்பயிற்சி 1993 முதல் அந்நாடு முழுதும் பரவலாயிற்று.

இனிக் கிணற்றுக்கு வருவாம். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலோ, கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவன் இறங்குகின்றான்; அடியில் தங்கிய நச்சுக்காற்றால் உணர்விழந்து வீழ்கின்றான். மேலே நின்ற தம்பி 'அண்ணா' என்று அலறி இறங்குகின்றான், அவனும் வீழ்கின்றான். அயலான் ஒருவன் அவ்விருவரையும் மீட்க இறங்குகின்றான். இச்செய்தியை ஆண்டுதோறும் நாளிதழ்களிற் காண்கின்றோம். இத்தகைய மூடிய இடங்களில் இறந்தாருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மீட்கச் சென்றவரே என அமெரிக்கத் தொழிற்காப்பு ஆய்வகம் 1986-ஆம் ஆண்டில் எச்சரித்தது. அறுபதின்மரும் இரக்கத்தாற் சென்றவர். கேடு செய்யும் எண்ணம் அவருட் சிறிதுமில்லை. நம் முன்னோர் கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பர். விளக்கு அணையின் இறங்கார். எரியுங் காற்று உள்ளவிடத்து அவ்வழக்கமே தீங்காதலின் இக்காலத்தார் காற்றை அளக்கும் கருவி கொள்வர். கருவி வேறாயினும் கருத்து ஒன்றே: இரங்கிய பின்னும் ஒரு கணம் நிற்றல். அந்த ஒரு கணத்தைத் தருவது இரக்கமன்று, பயிற்சியே.

இதற்கு நம் நூல்களிற் காரணம் உண்டு. உயிரின் ஆற்றல் இச்சை, ஞானம், கிரியை என மூன்றாய் நிற்பது. ஆணவத்தான் மறைப்புண்ட அம்மூன்றனுள் கிரியையைக் கலையும், ஞானத்தை வித்தையும், இச்சையை அராகமும் விளக்குவன என்பது தத்துவ இலக்கணம். மூன்றற்கும் தனித்தனித் துணை வகுத்தமையை உற்றுநோக்கின், ஒன்று விளங்கியமையால் ஏனையிரண்டும் தாமே விளங்கிவிடா என்பது பெறப்படும். இரங்குதல் இச்சையின்பாற்படும். இரக்கம் மிக்கதனாலேயே ஒருவற்கு நச்சுக்காற்றின் இயல்பு புலப்பட்டுவிடாது. குருதியை அடக்கும் கைவண்ணமும் வந்துவிடாது. உயிர் அறிவித்தால் அறிவது, தானே அறிவதன்று. இவ்வுண்மையை வீடுபேற்றுக்கு மட்டும் உரியதாகக் கொண்டு, உலகியலில் உயிரை முற்றறிவுடையதாகக் கொள்ளுதல் முரணாகும். ஆசிரியனை வேண்டுவது ஞானநூல் மட்டுமன்று. நீரில் வீழ்ந்தானுக்குக் கயிறு வீசுதற்கும் ஆசிரியன் வேண்டும்.

இன்னும் ஒன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. தீப்பற்றிய பந்தலில் ஆயிரவர் ஒருங்கே அலறி ஒரு வாயிலை நோக்கி ஓடுங்கால், அவ்வச்சத்தைச் சார்ந்த உயிர் அச்சமேயாகின்றது. நல்லோர் தீயோர், கற்றார் கல்லாதார் என்னும் வேறுபாடு அவ்வேளை பயன்படாது. 1997-ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிற் குடமுழுக்கு விழாவில் வேள்விச்சாலைப் பந்தல் தீப்பற்றியபொழுது, தீயினாலும் நெரிசலினாலும் 40-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வந்திருந்தோர் அனைவரும் இறையன்பர். அன்பின்மையால் அவ்விடத்து எவரும் எவரையும் மிதிக்கவில்லை. அச்சத்தினும் உறுதியாகப் பற்றுதற்குரிய வேறொரு சார்பு அவர் உள்ளத்தே அக்கணத்து இல்லாமையே காரணம். எங்கு நிற்பது, எவ்வாயிலைத் திறப்பது, யாரை முன்விடுவது, என்ன சொல்லைக் குரலெடுத்துக் கூறுவது என்பன பன்முறை பழகிய பத்துப்பேர் கூட்டத்தின் நடுவே இருப்பின், தாம் பழகிய முறையே அவர்க்குச் சார்பாகும். அவரைச் சார்ந்து நூற்றுவர் தெளிவர். ஆகலின் பயிற்சி என்பது உயிர்க்குச் சார்பொன்றை முன்னரே அமைத்து வைத்தல் எனக் கொள்க.

பழக்கத்தால் அன்பு மரத்துப்போம் என்பார்க்குச் சிவபூசை செய்வார் தாமே விடை கூறவல்லர். தீக்கை பெற்ற புதிதில் முத்திரையும் நியாசமும் செய்வோர்க்குக் கருத்தெல்லாம் விரலின் மேலே நிற்கும். 'இவ்விரலோ, அவ்விரலோ' என்னும் மயக்கத்தே பாவனை நழுவும். ஆண்டுகள் பல பயின்றபின் கை தானே செய்யும். உள்ளம் இறைவன்பால் நிற்கும். பழக்கம் அன்பைக் கொன்றதோ, அன்புக்கு இடம் விட்டதோ? நெஞ்சு நின்றவனுக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து செண்டிமீட்டர் ஆழம் அமிழுமாறு மார்பை அழுத்துதல் வேண்டும் என்பர் மருத்துவர். முதன்முறை செய்வோன் விலாவெலும்பு முறியுமோ என அஞ்சி மெல்ல அழுத்துவன்; அவ்வச்சம் இரக்கத்தின் வடிவே; ஆயினும் அவ்விரக்கத்தால் மூளைக்குக் குருதி ஏறாது. பழகியவன் கை தயங்காது. அவன் கண் துன்புற்றவன் முகத்தின்மேல் நிற்கும்.

ஈண்டுக் கண்ணப்ப நாயனார் வரலாற்றைக் காட்டி மறுப்பார் உளர். 'ஆகமம் அறியாத வேடர் செய்த தொண்டினை, ஆகமம் வல்ல சிவகோசரியார் செய்த பூசையினும் இறைவன் உயர்த்துக் காட்டினானன்றோ? அன்புடையார்க்குப் பயிற்சி மிகையென்பது இதனாற் பெறப்படுமே' என்பது அவர் கூற்று. இதுவே இம்மறுப்புக்களுள் வலியது. எம் உள்ளத்தை நெடுநாள் நிறுத்தி வைத்ததும் இதுவே.

இதற்கு விடை இரண்டு. முதலாவது, அன்பு செய்யப்படும் பொருளின் வேறுபாடு. இறைவன் குறைவிலா நிறைவினன். அவனுக்கு நாம் செய்வதனால் அவன் பெறுவதொன்றில்லை. செய்வானது அன்பு ஒன்றே அவன் கொள்வது. ஆகலின் ஆண்டு முறை பிழைப்பினும் கேடில்லை, வாய்நீரும் திருமஞ்சனமாகும். இடிபாட்டின்கீழ்க் கிடக்கும் மனிதனோ குறையுடையான். அவனுக்கு வேண்டுவது நம் அன்பன்று; மூச்சு. நம் அன்பு எத்துணைத் தூயதாயினும் முறிந்த கழுத்தைத் திருப்பியெடுத்தால் அவன் கைகால் உணர்விழப்பான். நிறைந்தானுக்குச் செய்யும் அன்பு தன்னளவில் முற்றுப்பெறும். குறைந்தானுக்குச் செய்யும் அன்பு அவன் குறையை அறியுமளவும் முற்றுப்பெறாது. கண்ணப்பர் பெருமையை எடுத்து ஊர்த்தொண்டர்க்கு விதியாக்குவோர் இவ்வேறுபாட்டை மறந்தாராவர். மறப்பின், துன்புற்றான் ஒருவனை நம் அன்பைக் காட்டுதற்கு வாய்த்த மேடையாகக் கொள்ளும் இழுக்கும் வந்து சேரும்.

இரண்டாவது விடை கண்ணப்பர் வரலாற்றினுள்ளேயே உள்ளது. சேக்கிழார் பெருமான் அதனைக் கூறிய முறையை நினைவிற் கொள்க. இறைவன் திருக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட அவ்வேடர் முதற்கண் மயங்கி வீழ்ந்தாராயினும், பின் எழுந்து, தீங்கு செய்தார் அண்மையில் உளரோ என வில்லேந்தி நாற்றிசையும் தேடினார். ஒருவரையும் காணாது மீண்டு, அம்பு பட்ட புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளை அறிந்து பறித்துவந்து பிழிந்தார். அதனாற் குருதி நில்லாமையால், ஊனுக்கு ஊனே மருந்து எனத் தம் குலத்தார்பாற் கேட்டிருந்ததனை நினைந்தார். அதன் பின்னரே தம் கண்ணை இடந்து அப்பினார். மற்றைக் கண்ணிலும் குருதி தோன்றியவிடத்து, தம் கண்ணை எடுத்தபின் இடந்தெரியாது என உணர்ந்து, அடையாளமாகத் தம் அடியை ஊன்றிக்கொண்டார். இவ்வொழுங்கு வியக்கத்தக்கது. ஆகமம் அறியாதவர் என்பது உண்மை. ஆயின் புண்ணும் மருந்தும் அறியாதவரல்லர். தாம் அறிந்த எல்லாவற்றையும் ஒன்று விடாது, முறைபிறழாது கொணர்ந்தது அவ்வன்பு. அளவிலா அன்பு பொங்கி நின்ற அந்நிலையிலும், அடுத்த கணத்தில் தமக்கு நேரும் குருட்டை முன்னுணர்ந்து அடியை ஊன்றினாரே, அவ்வடியூன்றலை யாம் மறக்கவொண்ணாதவராய் இருக்கின்றோம். கண்ணப்பரைப் பயிற்சிப்பள்ளி மாணாக்கராக்குதல் எம் கருத்தன்று. அன்பு மிக்கவழி அறிவு ஒழியும் என்பதற்கு அவர் சான்றாகார் என்பதே யாம் கூறுவது.

பயிற்சி என்பது பள்ளியிலிருந்து பெறுவதொன்றே என்பதும் எம் கருத்தன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் கேரள நாட்டை வெள்ளம் சூழ்ந்தபொழுது, கடலோர மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொணர்ந்து, 65,000 பேர் அளவில் மீட்டனர் என அம்மாநில அரசு கூறிற்று. அவர் எச்சான்றிதழும் பெற்றவரல்லர். ஆயின் நீரின் சுழிப்பை இளமை தொட்டுக் கற்றவர். அவ்வாறே 2020-ஆம் ஆண்டிற் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கக் கண்ட மகளிர் மூவர், தம் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தனர். அவர் செய்தது எப்பயிற்சி நூலிலும் முதற்பாடமாக உள்ளது: மூழ்குவானை நோக்கி நீந்தாதே, அவன் பற்றுதற்கு ஒன்றை எறி. அச்சத்தின் நடுவே அஃது அவர்க்குத் தோன்றியது இறைவன் அறிவித்ததே. இங்ஙனம் சிலர்க்குத் தோன்றியது கொண்டு எல்லார்க்கும் தோன்றும் எனக் காத்திருத்தல் அறமாகாது.

வினைக்கொள்கை பற்றியெழும் தடையைச் சுருங்கக் கூறி அமைவாம். 'அவரவர் நுகர்வது அவரவர் வினை. இடையே புகுந்து தடுத்தல் யார் கடன்?' என்பாரும் நம்முள் உளர். வினை சடம், தானே சென்று பொருந்தாது, அதனைக் கூட்டுவான் இறைவன். ஒருவன் வெள்ளத்தில் அகப்படுதல் அவன் வினையாயின், கயிற்றுடன் ஒருவன் கரையில் நிற்றலும் அவன் வினையின் வழியே கூட்டப்பட்டதாகலாம். இன்னான் வினை இவ்வளவில் முடிந்தது என அறிந்து கையைக் கட்டி நிற்போன், இறைவனுக்குரிய தொழிலைத் தனதாக மேற்கொள்கின்றான். அது பணிவன்று, ஆணவத்தின் ஒரு வேடம்.

இனி, கற்றோர் பலர் ஆராயாது விடுத்ததும் பயிற்சி பெற்றார் உள்ளத்தை மெய்யாக வருத்துவதுமாகிய ஒன்றுண்டு. பலர் ஒருங்கே காயமுற்ற இடத்து, தொண்டர் சிலரும் காயமுற்றார் பலருமாயின், யாரை முதலிற் பார்ப்பது? பயிற்சி கூறும் முறை இது. ஒவ்வொருவர்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நில்லாமல் மூச்சு, குருதியோட்டம், உணர்வு இம்மூன்றையும் நோக்குக. உடனே உதவி பெறின் பிழைப்பார்க்குச் சிவப்பு, சிறிது பொறுக்கவல்லார்க்கு மஞ்சள், நடக்கவல்லார்க்குப் பச்சை என அடையாளம் இடுக. தலையைச் சாய்த்து மூச்சுவழி திறந்தும் மூச்சு வாராதவர்க்குக் கருப்பு இட்டு அப்பாற் செல்க. இம்முறைக்கு வித்திட்டவர் நெப்போலியனது படைமருத்துவர் லாரே என்பர். படைத்தலைவன், காலாள் என்னும் தரம் நோக்காது புண்ணின் கடுமை ஒன்றே நோக்குக என்பது அவர் வகுத்த விதி.

அப்பாற் செல்க என்னும் சொல் கொடிது. கருப்பு அடையாளம் இடப்பட்டவன் அத்தொண்டனுடைய அண்டைவீட்டானாக இருக்கலாம், உடன்பிறந்தானாகவும் இருக்கலாம். தனியே அவன் ஒருவனே கிடந்தால் நெஞ்சை அழுத்தி முயலலாம். இருபதின்மர் கிடக்குமிடத்து அம்முயற்சியின் விலை வேறு இருவர் உயிர். பயிற்சியில்லா இரக்கம் யாண்டுச் செல்லும்? உரத்துக் கதறுவானிடம் செல்லும். கதறுவானுக்கு மூச்சு உளது. ஓசையின்றிக் கிடப்பவனே இறுதியை அணுகுகின்றான். அன்றியும் தன் இனத்தான், தன் தெருவான், தன் சாதியான் என்பாரிடம் கால் தானே இழுத்துச் செல்லும். விதியொன்று கையில் இல்லாதவழி இரக்கம் பற்றின் வழியே ஓடும் என்பது உலகறிந்தது. ஆகலின் கடுமையாகத் தோன்றும் அவ்வாய்பாடு பற்றினின்றும் இரக்கத்தைப் பிரித்தெடுக்கும் கருவியாகின்றது.

இதனோடு ஒத்த மற்றொன்று. பெருங்கல்லின் கீழ்க் கால் நசுங்கிப் பல மணிநேரம் கிடந்தான் ஒருவனைக் கண்டவுடன் கல்லைப் புரட்டுதலே எவர்க்கும் தோன்றும். நசுங்கிய தசையிற் சேர்ந்த நச்சுப்பொருள்கள் கல் நீங்கியவுடன் குருதியிற் கலந்து நெஞ்சையும் சிறுநீரகத்தையும் தாக்குதலின், பேசிக்கொண்டிருந்தவன் மீட்கப்பட்டபின் இறத்தலும் உண்டு. இலண்டன் மாநகர்மேற் குண்டு வீழ்ந்த காலத்து, 1941-ஆம் ஆண்டில், பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் இதனை விளக்கி எழுதினார். நெடுநேரம் அகப்பட்டானாயின் மருத்துவர் வந்து நரம்பின் வழியே நீர்மருந்து செலுத்தத் தொடங்குமளவும் கல்லை நீக்காதிருத்தலே பெரும்பாலும் அவனுக்குச் செய்யும் நன்மை. 'என்னை எடுங்கள்' என்று அவன் அழுவான். அவன் கையைப் பற்றிக்கொண்டு அருகே அமர்ந்திருத்தல் வேண்டும். அன்பு செயலை வேண்டும் என்றோம். செயலின்றி அமர்ந்திருத்தலும் சில வேளை அச்செயலின்பாற்படும் போலும்.

இங்ஙனம் கடந்து சென்றவனும், கல்லை நீக்காதிருந்தவனும் பின்னாளில் உறக்கமின்றி வருந்துதல் கண்கூடு. 'நான் விட்டுச்சென்றேன், நான் கொன்றேன்' என்பது அவன் நினைவு. பலரைக் காத்தவனோ 'நான் காத்தேன்' எனச் செருக்குறுவான். இரண்டிலும் நிற்பது 'நான்' என்னும் ஒரு முனைப்பே. இறைபணி நிற்றல் என்று நம் நூல் கூறும் நிலை சீவன்முத்தர்க்கு உரியது. ஊர்த்தொண்டன் ஒருவன் பன்னிரண்டு நாளில் அதனை எய்துவன் எனக் கூறின் நகைப்பிற்கிடமாகும். ஆயின் அந்நிலையின் நிழலளவாவது அவனுக்குத் தேவையாகின்றது. தனக்கு அறிவிக்கப்பட்டதனைத் தன் ஆற்றலளவிற் செய்தான். உயிரைக் கூட்டலும் பிரித்தலும் அவன் கையில் இல்லை. இதனை அவனுக்கு யார் கூறுவார்? மேனாட்டுப் பயிற்சி நூல்களும் தொண்டர்தம் மனத்துயர்க்கு ஒரு பாடம் வகுத்துள்ளன; உடன் பணிசெய்தாரோடு பேசுக, உறங்குக, உண்க என அவை கூறுவன நல்லனவே. சைவ ஆசிரியர்க்கு அதன்மேலும் கூறுதற்குரியது உண்டென்று கருதுகின்றோம். பயிற்சி முகாம்களில் நம் மடங்கள் பங்கு கொள்ளுதற்கு வேறெதனினும் உரிய இடம் இதுவே.

பயிற்சியின் பயனை அறிய விழைவார் வங்கதேசத்தை நோக்குக. 1970-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆண்டு வீசிய புயலாலும் கடற்பெருக்காலும் மாண்டார் மூன்றிலட்சத்துக்குக் குறையார். 1972-ஆம் ஆண்டில் அரசும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் கூடிக் கடலோரச் சிற்றூர்தோறும் தொண்டர் குழுக்களை அமைத்தனர். புயல் அணுகுமளவைக் குறிக்கும் கொடிகளை ஒன்று, இரண்டு, மூன்று என ஏற்றுதல், ஒலிபெருக்கியொடு தெருத்தோறும் சென்று கூறுதல், முதியோரையும் மகவுடையாரையும் புகலிடத்துக்கு அழைத்தேகல் என்பன அவர் கடன். இன்று அவர் தொகை 76,000 அளவினது, பாதியளவினர் மகளிர். 1991-ஆம் ஆண்டுப் புயலிலும் ஓரிலட்சத்து முப்பதினாயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர் என்பதனை மறைத்தல் ஆகாது. எச்சரிக்கை சென்றும் புகுதற்குரிய கட்டடங்கள் போதாமை ஒரு காரணம்; தொண்டரால் மட்டும் எல்லாம் ஆகிவிடா. புகலிடங்கள் பெருகிய பின், 2007-ஆம் ஆண்டுச் சித்ர் என்னும் கடும்புயலில் இறந்தார் நாலாயிரவர்க்கு உட்பட்டனர்.

இவையெல்லாம் நமக்குப் புதியன என்பாரை நம் தேர்த்திருவிழாவுக்கு அழைக்கின்றோம். தேர் உருளும்பொழுது சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையொடு நடப்போர் யாவர்? தந்தைபாற் கற்ற மைந்தர். கட்டையை எக்கோணத்தே இடுவது, இட்டவுடன் எப்பக்கம் விலகுவது எனப் பல்லாண்டு பழகியவர். பத்தி மிக்கானொருவன் ஆர்வத்தால் ஓடிவந்து கட்டையிடத் துணியின் அவனை யாரும் விடார். வடம் பிடித்தற்கு அன்பு போதும். முட்டுக்கட்டை இடுதற்குப் பழக்கம் வேண்டும். இவ்வேற்றுமையை நம் ஊரார் நெடுங்காலமாகவே அறிந்துள்ளனர். அறிந்ததனைச் சக்கரத்தளவில் நிறுத்திக்கொண்டதே குறை. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் பெருமான் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் தட்டிப் பதினொருவர் உயிர் நீத்தனர். யாரையும் குறைகூறுதற்கு இதனை எடுத்தேமல்லேம். உழவாரம் ஏந்தி, அடியார் நடக்கும் வழியிற் கல்லும் முள்ளும் நீக்கிய பெருமானது விழா அது என்பதே நெஞ்சை அறுக்கின்றது. தேர் செல்லும் வழியை முந்தைய நாளே நடந்து அண்ணாந்து நோக்குதலும், மின்னோட்டம் நிறுத்தப்பட்டமையை உறுதிசெய்தலும், மின் தாக்கி வீழ்ந்தாரை மின்வாரியத்தார் ஓட்டத்தை நிறுத்துமளவும் அணுகாது கூட்டத்தையும் அணுகவிடாது தடுத்தலும் இக்காலத்து உழவாரத்தின் பகுதியென யாம் கருதுகின்றோம்.

கைப்பழக்கம் சில திங்களில் மங்கும் என்பது பயிற்றுவோர் கண்ட உண்மை. ஆகலின் ஒருமுறை கற்றுச் சான்றிதழைச் சுவரில் மாட்டுதல் பயனில் செயல். மீளப்பழகுதற்குத் திருக்கோயில்களின் திருவிழா நாட்குறிப்பே தக்க அளவாய் அமைந்துள்ளது. பெருந்திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாளும், அதனின்று ஆறு திங்கள் கழித்து ஒரு நாளும், சீபாதந்தாங்கிகள், பரிசாரகர், ஓதுவார், மெய்காவலர், தேர்வடம் பிடிக்கும் ஊரிளைஞர், அன்னம் பாலிக்கும் மகளிர் ஆகியோரைக் கோயில் மண்டபத்தே கூட்டுவித்தல் அரிதன்று. கற்பிக்கத் தீயணைப்பு மீட்புப் பணித்துறையினரை வேண்டலாம். இடமும் நீரும் உணவும் மடங்களில் முன்னரே உள. ஒரு கயிறு, ஒரு தூக்குப்படுக்கை, நெஞ்சழுத்திப் பழகுதற்கு ஒரு பொம்மை என்பனவே புதிதாக வேண்டுவன.